கறுப்புப் பை யாருடையது?

கட்டடத்தின் வாட்ஸப் குழுவில் காலையில் ஒரு படம் வந்து விழுந்தது. தரையில் விரித்த பழைய செய்தித்தாள். அதன்மேல் வாய் பிரித்த ஒரு கறுப்புப் பை. பைக்குள்ளிருந்து எடுத்து மல்லாக்க வைத்திருந்தது, பெரியவர்கள் போட்டுக்கொள்கிற டயபர் ஒன்று. அதைக் காட்டி ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். படத்தின் கீழே எழுதியிருந்தது: "ஈரக் குப்பையில் இதைப் போட்டது யார்? இவரால் நம் உரக்குழி மொத்தமும் பாழ். வெட்கமாக இல்லையா?"

படத்தைப் போட்டவள் மூன்றாம் மாடி மருமகள். படத்தில் இருந்தது அவளுடைய மாமனாரின் டயபர். அது அவருக்குத் தெரியும். வாசல் காவலாளிக்குத் தெரியும், இரண்டாம் மாடி டியூஷன் டீச்சருக்கும் தெரியும். அவளுக்குத்தான் தெரியாது.

மாமனார் அப்போது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். கைப்பேசி கிணுகிணுத்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முதலில் என்னவென்றே புரியவில்லை. புரிந்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். காது மடல் சுட்டது. கட்டடத்து ஜனம் முழுக்க, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் அம்மாக்கள் உட்பட, இந்நேரம் அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் தேநீரைத் தள்ளி வைத்தார்.

அவள் கீழேயிருந்து ஏறி வந்து, கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கழுவினாள்.

"குரூப்ல பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன்மா."

"பெரியவங்க போடுற பொருள். தெரியாம பண்ணினதுன்னு சொல்லவே முடியாது. நல்லா தெரிஞ்சு, மேல பழத்தோலெல்லாம் போட்டு மூடி வச்சிருக்காங்க. எப்படித்தான் மனசு வருதோ."

"ஆமாம்மா," என்றார் அவர். வேறு என்ன சொல்வார், பாவம்.

அவளைக் கெட்டவள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். புருஷன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். வருஷத்தில் பாதி நாள் கடலில்தான் குடித்தனம். மாமனாருக்குப் புராஸ்டேட் அறுவை சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் லீவு போட்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். வேலையிலும் கெட்டி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். மேஜையில் வந்து விழுகிற சட்டைகளில் நூல் விட்ட இடம், கறை பட்ட இடம், பித்தான் கோணிய இடம் எல்லாவற்றிலும் ஒரு சிவப்பு அம்புக்குறியை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். பகல் முழுக்க அடுத்தவர் குறையைத் தேடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவளுக்கு, வீட்டுக்கு வந்ததும் கண்ணை மட்டும் மூடிக்கொள் என்றால் முடியுமா.

பச்சைப் பைத்தியம் அவளுக்கு எப்போது பிடித்தது என்று தெரியவில்லை. மகள் பிறந்த பிறகு என்று மாமனார் நினைக்கிறார். முதலில் சமையலறையில் பிளாஸ்டிக் டப்பாக்கள் போய்க் கண்ணாடி ஜாடிகள் வந்தன. பாத்திரம் தேய்க்க எலுமிச்சைத் தோல் ஊறிய தண்ணீர் வந்தது, துணி துவைக்கப் பூந்திக்கொட்டை வந்தது. பல் துலக்க மூங்கில் பிரஷ் வந்த அன்று, "வேலிய கடிக்கிற மாதிரி இருக்கும்மா," என்று மாமனார் சொல்லிப் பார்த்தார். அவள் சிரித்தாளே தவிர பழைய பிரஷைத் திருப்பித் தரவில்லை. அவரும் பழகிக்கொண்டார். சொல்லப்போனால் அவருக்குப் பெருமைகூட உண்டு. வந்து போகிறவர்களிடம், "எங்க வீட்டுக் குப்பை ஒரு கைப்பிடிதான்," என்பார்.

வீட்டோடு நின்றிருந்தால் வம்பில்லை. அவள் படி இறங்கிவிட்டாள். கட்டடத்துக்குப் பின்னால் குழி வெட்டி, எல்லா வீட்டு ஈரக் குப்பையையும் அதில் போட்டு உரமாக்கினாள். ஈரத்துக்குப் பச்சைத் தொட்டி, காய்ந்ததற்கு நீலத் தொட்டி, கட்டுத்துணி, ஊசி, டயபர் மாதிரியானவற்றுக்குச் சிவப்புத் தொட்டி. தப்பாகப் போட்டவர் பையில் சிவப்பு அம்புக்குறி விழும். குழுவில் படமும் விழும். ஒருமுறை சிவப்புத் தொட்டிக்குள் யாரோ பெயின்ட் டப்பாவைப் போட்டுவிட, அன்றிலிருந்து அதற்குப் பூட்டு. சாவி அவளிடம். வேண்டியவர்கள் காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும் முன்னே பையோடு வந்து நிற்க வேண்டும். அவளே திறந்து, அவளே வாங்கிப் போடுவாள். கட்டடத்தில் அவளுக்குப் பச்சை மேடம் என்று பெயர். நேரில் யாரும் சொன்னதில்லை.

அப்படிப் பையோடு தினமும் வந்து நின்றது டியூஷன் டீச்சர் ஒருத்திதான். அவள் அம்மா படுத்த படுக்கை. டீச்சருக்கு அதில் கூச்சம் ஏதுமில்லை. அம்மாவுக்காக நீட்டுகிற கைதானே.

மாமனார் கதை வேறு. அவர் ரிட்டயரான பஸ் டிரைவர். கட்டடத்தில் டிரைவர் சார். வெளியூர் வண்டிதான் கடைசிவரை ஓட்டினார். அவருடைய ஜம்பமெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "கெளம்புற எடத்துல ஏறுனா சேர்ற எடத்துலதான் எறங்குவேன். நடுவுல ஒண்ணுக்குன்னு ஒரு நாளும் வண்டிய ஓரங்கட்டுனதில்ல." இதைக் கேட்காதவர் அந்தக் கட்டடத்தில் இல்லை. அப்பேர்ப்பட்டவருக்குத்தான் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கசிய ஆரம்பித்தது. தும்மினால் கசிந்தது, மாடிப்படி ஏறினால் கசிந்தது, பேத்தி மடியில் ஏறிக் குதித்தால் கசிந்தது. போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். டாக்டர்கள் கையிலிருப்பதிலேயே செலவில்லாத மருந்து இந்தப் போகப் போக. அவரும் போய்ப் போய்ப் பார்த்தார், சரியாகவில்லை.

மருமகளிடம் சொல்லியிருந்தால் அவள் ஒன்றும் கடித்துக் குதறியிருக்க மாட்டாள். சொல்லத்தான் ஒரு நாள் வாயெடுத்தார். அன்று பார்த்து அவளுடைய தோழி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். "என் பொண்ணு இதுவரைக்கும் ஒரு டயபர் போட்டதில்ல. எல்லாம் துணிதான். இந்த வீட்டு வாசப்படிய அது மிதிச்சதே இல்ல," என்று இவள் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமனார் வாயை மூடிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். ஏனென்றால் அது ஏற்கெனவே வாசப்படியைத் தாண்டி, அவருடைய கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. தெரிந்தவர் யாரும் வராத மருந்துக்கடையாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார்.

வாங்குவது சுலபம். போடுவதுதான் பாடு. சிவப்புத் தொட்டியின் சாவி எவள் இடுப்பில் இருக்கிறதோ அவளிடம்தான் இதை மறைக்க வேண்டும். ஆகவே விடியும் முன்னே நடைப்பயிற்சி என்று இறங்குவார். சட்டைக்குள் கறுப்புப் பை. பச்சைத் தொட்டியைத் திறந்து உள்ளே தள்ளி, மேலே தோல்களை இழுத்து மூடுவார். காவலாளி பார்த்தும் பார்க்காதவனாகக் குனிந்து பெருக்குவான், பிறகு தொட்டியைக் குழியில் கொட்டும்போதும் அப்படியே. ஒரு நாள் கையும் பையுமாக டீச்சர் எதிரே வந்துவிட்டாள். ஒரு நொடிதான். "காலைக் காத்து நல்லாருக்குல்ல சார்," என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

உரக்குழிக்குள் அவை கிழிந்து, உள்ளேயிருந்த பொடி மழையில் ஊறி, ஜவ்வரிசி போல் குழிமுழுக்கப் பரவியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. எல்லா வீட்டுத் தொட்டிச் செடிகளுக்கும் உரம் தருவதாகச் சொல்லியிருந்த நாளில் குழியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. மருமகள் மண்வெட்டியோடு அப்படியே நின்றாள். அழுதாள். அவள் அழுது மாமனார் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான், ஆஸ்பத்திரியில்கூட அவள் அழவில்லை. அவரும் குழியில் இறங்கி, சல்லடையைப் பிடித்து, சாயங்காலம்வரை அவளோடு சலித்துக் கொடுத்தார். தன்னுடையதைத் தானே பொறுக்கினார். "உங்கள மாதிரி வீட்டுக்கு ஒருத்தர் இருந்தா போதும் மாமா, இந்த ஊரே உருப்பட்டுடும்," என்றாள் அவள். அந்த வார்த்தையை அவரால் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ள முடியும்.

மறுநாளிலிருந்து அவள் பச்சைத் தொட்டியைக் கிளற ஆரம்பித்தாள். இரண்டு நாள் பெட்டியில் சேர்த்து வைத்துப் பார்த்த மாமனார் மூன்றாவது நாள் வேறு வழியில்லாமல் போட, பை சிக்கியது. படம் வந்தது.

படம் வந்த அன்றே மாமனார் பெட்டியிலிருந்த மிச்சத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, எங்கேயோ ஒரு குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்தார். பழைய பனியன்களைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டார். துணி கசிவைத் தாங்கும், கொட்டினால் தாங்காது. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். நடப்பதைக் குறைத்தார். பேத்தி மடியில் ஏற வந்தால், "தாத்தாவுக்கு முட்டி வலிக்குதுடா," என்று தள்ளி உட்கார வைத்தார். குழந்தை முகம் சுருங்கியது. அந்த வீட்டில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை, பேத்திக்கும் மருமகளுக்கும் தெரியாமலே இது தன்னோடு போய்விட வேண்டும் என்பதுதான்.

மருமகளோ துப்புத் துலக்கிவிட்டாள். கட்டடத்தில் டயபர் போடுகிற வயதானவர் யார்? டீச்சரின் அம்மா. ஆக, டீச்சருக்குத் தினமும் வந்து நிற்கச் சோம்பல். கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்துவிட்டது. மாடிப்படியில் டீச்சரை மறித்தாள். மாமனார் பின்னால் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"டீச்சர், மனசைத் தொட்டுச் சொல்லுங்க. அந்தப் பை உங்களுதுதானே?"

டீச்சர் நிமிர்ந்தாள். மருமகளின் தோளுக்கு மேலாக, நாலு படி மேலே நின்ற பெரியவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க."

"ஒரு நாள் இல்லியே டீச்சர். குழியே நாசமாப் போச்சு."

"ஆமா. தப்புதான்."

மாமனார் திரும்பி மேலே ஏறிப் போய்விட்டார். எத்தனையோ கூட்டத்தை வைத்து மலைச்சாலையில் வண்டி ஓட்டிய மனுஷன், இரண்டு பெண்கள் எதிரில் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் ஓடினார்.

மருமகள் வேலைக்குப் போனதும் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஏம்மா அப்படிச் சொன்னே?"

"எங்க அம்மாவுதுன்னா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க சார். அவங்க படுத்துட்டாங்க. நீங்க நடமாடிக்கிட்டு இருக்கீங்க." அவள் குரலைத் தணித்தாள். "பேசாம இருங்க. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

அவருக்குப் பெரிய பாரம் இறங்கியது போல் இருந்தது. அப்படி இறங்கியதே என்றுதான் படி ஏறும்போது கூசினார்.

ரெண்டு நாளில் யாரும் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார்கள். வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள் வாடகைக்கு வந்தன. பச்சை மேடம் நடத்துகிற கூட்டத்துக்குப் பிளாஸ்டிக் நாற்காலியா என்று யாரோ கேட்டு, நாலு பேர் சிரித்தார்கள். மாமனார் கடைசி வரிசையில், தூண் ஓரமாக இடம் பிடித்தார். பிள்ளைகள் வாசலில் பந்து விளையாடினார்கள். பேத்தியும் அங்கேதான்.

மருமகள் முன்னால் நின்று எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். உரம் வீணானதைச் சொன்னபோது அவள் குரல் கம்மியது. பொய்யாக அழத் தெரியாதவள் அவள். பிறகு டீச்சரை எழுந்து நிற்கச் சொன்னாள். டீச்சர் எழுந்தாள்.

"ஒரு மாசத்துக்கு இவங்க வீட்டுக் குப்பைய நாம எடுக்க வேணாம்ங்கறது என் கருத்து. அவங்களே குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வரட்டும். அப்பதான் அருமை தெரியும்."

கிடங்கு ஊரின் அந்தக் கோடியில். அம்மாவைத் தனியே விட்டுவிட்டு டீச்சர் எப்படிப் போவாள் என்று யாரும் கேட்கவில்லை. தரைத்தளத்துக் கண்ணாடிக்கடைக்காரர் ஒரு படி மேலே போனார்.

"கோவிச்சுக்காதீங்க, பொதுவாச் சொல்றேன். இப்படிப் படுக்கையில கிடக்கிறவங்கள வச்சிருக்கிறவங்க, அதுக்குத் தோதா வேற எடம் பாத்துக்கலாம். குடும்பங்க இருக்கிற கட்டடம் இது."

டீச்சர் தலை குனிந்து நின்றாள். அப்போதுகூட அவள் கடைசி வரிசைப் பக்கம் திரும்பவில்லை.

மாமனாருக்கு அடிவயிறு பிடித்து இழுத்தது. அடுத்த நொடி விட்டுவிட்டது. வெதுவெதுப்பாகத் தொடையெல்லாம் பரவியது. மடித்து வைத்த பனியன் துணி எந்த மூலைக்கு. நாற்காலியின் குழிவில் அது தேங்குவதை அவரால் உணர முடிந்தது. கருநீலப் பேன்ட், முன்பக்கம் சட்டை மறைக்கும். அசையாமல் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரியாது. கூட்டம் கலைந்து எல்லாரும் போன பிறகு எழுந்துகொள்ளலாம். அவர் இரண்டு கையாலும் நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டார்.

"சரின்னு சொல்றவங்க கை தூக்குங்க," என்றாள் மருமகள்.

கைகள் உயர ஆரம்பித்தன.

மாமனார் எழுந்தார்.

"அது டீச்சருது இல்ல," என்றார். பஸ்ஸின் கடைசி சீட்டுக்குக் கேட்கிற அந்தப் பழைய குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது. "என்னுது."

எல்லாத் தலைகளும் திரும்பின.

"மாமா, உக்காருங்க," என்றாள் மருமகள், பிள்ளைகளை அதட்டுகிற குரலில். "டீச்சர் மேல பாவப்பட்டு நீங்க ஏன் பழிய ஏத்துக்கணும்?"

"பாவமெல்லாம் இல்லம்மா. ஆபரேஷன்லேர்ந்து எனக்கு நிக்கல. உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. காலையில நான்தான் கொண்டாந்து போடுவேன். உன் குழியக் கெடுத்தது நான்தான். அன்னிக்குச் சலிச்சுக் குடுத்தேனே, எல்லாம் என்னுதுதான்." மூச்சு வாங்கியது. "டீச்சருக்கு இது தெரியும். எனக்காகத்தான் அது வாய மூடிக்கிட்டு நிக்குது. போதும், அத உக்காரச் சொல்லும்மா."

மருமகளின் முகம் வெளிறிப்போனதை முன்வரிசைக்காரர்கள் பார்த்தார்கள். மற்றவர்கள் பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் அவருக்குப் பின்னால் இருந்த நாற்காலியைப் பார்த்தாள். வெள்ளை நாற்காலி. அதில் தேங்கிய ஈரம் வெயில் பட்டு மின்னியது. கறையைக் கண்டுபிடிக்கிறவளின் கண் அல்லவா, வேண்டாம் என்றாலும் படும். கண்ணாடிக்கடைக்காரர் நன்றாகப் பார்ப்பதற்காக எழுந்து கழுத்தை நீட்டினார். இன்னும் இரண்டு பேர் எழுந்துகொண்டிருந்தார்கள்.

அவள் விறுவிறுவென்று நடந்து வந்தாள். திட்டப் போகிறாள் என்றுதான் மாமனார் நினைத்தார். தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவரைத் தாண்டி, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நன்றாக அழுந்தி உட்கார்ந்தாள். சட்டென்று அவள் தோள் ஒருமுறை சிலிர்த்தது. அவள் அன்று வெளிர் மஞ்சளில் உடுத்தியிருந்தாள்.

"நீங்க மேல போங்க மாமா," என்றாள், அவரைப் பார்க்காமல். "நான் பேசி முடிச்சுட்டு வர்றேன்."

அவர் தூண் பக்கமாக ஒதுங்கி, சுவரோடு நகர்ந்து, பிள்ளைகள் பந்தின் பின்னே ஓடிய நேரம் பார்த்து வாசலைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனார். முதல் திருப்பத்தில் நின்றார். கீழே அவள் குரல் கேட்டது.

"டீச்சர், இப்படி உக்காந்துக்கிட்டே மன்னிப்பு கேக்கறேன்னு நினைக்காதீங்க. என்னால எந்திரிக்க முடியல. அந்தப் படத்தைப் போட்டேனே, வெட்கமா இல்லையான்னு கேட்டேனே, அந்தக் கேள்வி எனக்குத்தான். இதுக்கு மேல எனக்குச் சொல்ல வாய் வரல."

பிறகு டீச்சர் சொன்னாள்: "நீங்க உக்காந்தே பேசுங்க. எல்லாரும் கெளம்பலாமே, வெயில் ஏறுது."

மாமனார் மேலே போய்க் குளித்து, உடை மாற்றிக்கொண்டு, மறுபடி கீழே வந்தார். கூட்டம் போயிருந்தது. காவலாளி முன்வரிசையிலிருந்து நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தான். கடைசி வரிசையில் அவள் தனியாக, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் இன்னும் பந்து சத்தம். மாடிப்படிக்குப் போக வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

அவர் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"உங்க முகத்தைப் பாக்க முடியல மாமா," என்றாள் அவள்.

"எனக்கும் அதே கதிதான். பாக்க வேணாம் விடு." அவர் வாசல் பக்கம் பார்த்தார். "எந்திரி. நீ முன்னாடி நட, நான் பின்னாடியே ஒட்டி வர்றேன்."

அவள் எழுந்தாள். அவர் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். வாசலைத் தாண்டினார்கள். பேத்தி பந்தோடு கூப்பிட்டதற்கு, "இதோ வர்றேன்டா," என்றார் திரும்பாமல். படி ஏறினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் யாரோ எதிரே இறங்கி வந்தார்கள். அவர் இன்னும் ஒரு படி நெருங்கி நடந்தார்.